கருங்குழிக் கல்லின் வயது

1

இன்று காலை ஓர் அதிகாரி என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். நியாயமான கேள்விதான். அதனால்தான் இவ்வளவு எரிச்சல்.

நான் இருப்பது நார்வேயின் மேற்குக் கரையில். ஒரு நாள் மழை நின்றால் ஜனங்கள் வானத்தைச் சந்தேகத்தோடு பார்க்கிற ஊர். இங்கே ஒரு நிலவியல் ஆய்வுக்கூடத்தில் வேலை. வருடத்துக்கு ஒரு தடவை வெளிநாட்டினருக்கான காவல் அலுவலகத்துக்குப் போய், தங்கும் அனுமதியைப் புதுப்பிக்க வேண்டும். காவல் அலுவலகம் என்றதும் பயந்துவிடாதீர்கள். நம் ஊர் தபால் ஆபீஸைவிட அமைதியாக இருக்கும். நாற்காலி தருவார்கள். பிறகு, ‘அப்துல் ரஹீம்’ என்பதில் எது குடும்பப் பெயர் என்று கேட்பார்கள். இரண்டும் சேர்ந்து என் பெயர் என்று ஒவ்வொரு வருடமும் சொல்கிறேன். ஒரு வருடம் திரு. அப்துல் என்று பதிந்தார்கள், மறு வருடம் திரு. ரஹீம் என்று. என் மனைவி ஜமீலாவுக்கு அவள் அத்தா பெயரைக் குடும்பப் பெயராக்கிவிட்டார்கள். மகள் ஷமீமுக்கு என் பெயரில் பாதி. காகிதப்படி பார்த்தால் நாங்கள் மூன்று பேரும் ஒருவருக்கொருவர் உறவே இல்லை.

இன்று இருந்தவர் புதியவர், இளைஞர். என் வேலை என்ன என்று படித்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

“நீங்கள் ஆராய்வது இந்தியக் கல். நீங்களும் இந்தியர். அப்படியென்றால் இந்த வேலையை இந்தியாவிலேயே செய்யலாமே?”

கல்லின் வயதை அளக்கிற இயந்திரம் இங்கே இருக்கிறது, அந்தக் கல் எங்கள் ஊரில் இருக்கிறது என்று சொல்ல வேண்டும். எத்தனை வருடம் ஆனாலும், கோபம் வந்தால் எனக்கு நார்வே மொழி ஓடிவிடும். “கல் அங்கே, இயந்திரம் இங்கே, நான் இரண்டுக்கும் நடுவில்” என்று ஏதோ உளறினேன். அவர் சிரிக்கவில்லை. இந்தத் தடவை ஆறு மாதத்துக்குத்தான் முத்திரை விழுந்தது.

2

ஊருக்கு வரும்போதெல்லாம் கேட்கிறார்கள், அங்கே என்ன தேடுகிறாய், தங்கமா, எண்ணெயா என்று. இரண்டும் இல்லை என்றதும் கேட்டவர் முகத்தில் சுவாரஸ்யம் போய்விடும். அதனால் இங்கே ஒரு தடவை பொறுமையாகச் சொல்லிவிடுகிறேன்.

செங்கல்பட்டில் இருந்து மதுராந்தகம் வரை ரயிலில் வந்தால் இரண்டு பக்கமும் குட்டையான குன்றுகள் தெரியும். முள்ளும் உருண்டைக் கல்லுமாக இருக்கும், யாரும் ஏறிப் பார்க்க மாட்டார்கள். அவை மலையின் உச்சி அல்ல, அடி. ஒரு காலத்தில் அதற்கு மேல் பெரிய மலைத்தொடர் நின்றிருக்கிறது. மழையும் காற்றும் அதைச் சுரண்டிச் சுரண்டிக் கடலில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டன. மிஞ்சியது, பல மைல் ஆழத்தில் வெந்துகொண்டிருந்த அடிப்பாறை. அதைத்தான் நாம் கருங்கல் என்கிறோம். உடைத்த இடத்தில் கொஞ்சம் எண்ணெய் பூசினதுபோல் பச்சையும் நீலமும் கலந்த கருமை. புத்தகத்தில் அதற்குச் சார்னோக்கைட் என்று பெயர்.

என் கேள்வி இதுதான்: அந்தப் பாறை எத்தனை தடவை வெந்தது? பூமிக்குள்ளிருந்து உருகிய குழம்பு ஒரே தடவை ஏறி இறுகிவிட்டதா? இல்லை, ஒரு மலை எழும்பித் தேய்ந்த பிறகு மறுபடியும் பூமி நெருக்குண்டு, மறுபடியும் உருகி, இன்னொரு மலை எழும்பியதா? நாம் நிற்கிற தரை எப்படி உண்டானது என்பதற்கு இதற்குள்தான் பதில் இருக்கிறது.

படிக்கிற காலத்தில், கருங்குழிக்குப் பக்கத்தில் ஒரு குன்றில் இதற்குச் சாட்சி கிடைத்தது. கருங்கல்லைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஒரு வெள்ளைப் பட்டை ஓடியது. வெட்டிக்கொண்டு போகிறது என்றால், கருங்கல்லுக்குப் பிறகு வந்தது என்று அர்த்தம். ஆனால் அந்தப் பட்டையின் ஒரு முனையில் கருமை உள்ளே ஊறியிருந்தது. அப்படியென்றால் பட்டை வந்த பிறகும் ஒரு தடவை சூடு ஏறியிருக்கிறது. இரண்டு பாறையின் வயதையும் தனித்தனியாக அளந்துவிட்டால் போதும். அந்த ஒரு காரியத்துக்காகத்தான் 1972இல் விமானம் ஏறினேன்.

3

1976இல் ஊருக்கு வந்தபோது அந்தக் குன்றில் பாதி இல்லை.

என் அக்கா நூர்ஜஹானின் கணவர் காதர் மச்சான் அதைக் குத்தகைக்கு எடுத்திருந்தார். அதற்கு முன்னால் அவர் மதுராந்தகம் கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருந்தவர். வெடி வைத்து, கல் உடைத்து, ஜல்லியாகவும் பெரிய கல்லாகவும் லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார். ஜல்லி உடைக்கிற பெண்கள் வெயிலுக்குத் தென்னங்கீற்றைச் சாய்த்துவைத்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். வெள்ளைப் பட்டைக்கும் வெடி வைத்த இடத்துக்கும் நடுவில் ஒரு லாரி நிற்கிற இடம்தான் இருந்தது.

மச்சானிடம், இந்தப் பக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள் என்றேன்.

“எவ்ளோ நாளு?”

“நான் ஒரு தடவை வந்து முழுசா வரைபடம் போட்டு முடிக்கிற வரைக்கும். ரெண்டு வருஷம்னு வெச்சுக்குங்க.”

அவர் சிரித்தே விட்டார். “ரஹீமு, நல்ல கல்லே அந்தப் பக்கந்தான் கீது. கடல் ஓரம் போடறதுக்குப் பெருங்கல்லு கேட்டுக்கினு கீறாங்க. ரெண்டு வருசம் நிறுத்துன்னா, இதுங்க எல்லாத்துக்கும் யாரு சோறு போடறது? உங்க வெள்ளக்காரனா?”

“மச்சான், உலகத்துல இந்த மாதிரி இடம் ரொம்ப அபூர்வம்.”

“இருக்கட்டும். எனக்கு இது ஒண்ணுதான் கீது.”

அன்று சாப்பாட்டில் பேச்சு தடித்தது. படிக்காதவர்களுக்கு இதெல்லாம் புரியாது என்கிற தொனியில் நான் ஏதோ சொன்னேன். அக்கா குழம்புச் சட்டியை ‘ணங்’ என்று வைத்தாள்.

“நீ கல்லுக்கு அழுவுற. நான் என் புள்ளைங்களுக்கு அழுவுறேன். பாத்திரக்கடை நொடிச்சப்ப நாங்க எவ்ளோ பேஜாரு பட்டோம், தெரியுமா உனக்கு? நீ அங்க குளிர்ல உக்காந்துக்கினு நல்லா கீறீங்களான்னு எழுதுவ. நாங்களும் நல்லா கீறோம்னு எழுதுவோம்.”

மச்சான்தான் கையைக் கழுவிக்கொண்டே, “வெள்ளிக்கிழம வேலை கெடையாது. வேணுங்கறத அன்னிக்கி ஒடச்சி எடுத்துக்க” என்றார்.

அந்த வெள்ளிக்கிழமை வெயிலில் என்னால் முடிந்த மட்டும் உடைத்தேன். ஒவ்வொரு துண்டும் எங்கிருந்து எடுத்தது என்று வெள்ளைப் பெயின்டில் எண் எழுதினேன். கறுப்பு வெள்ளையில் படமும் எடுத்தேன். மறு வாரம் அந்த இடம் லாரியில் ஏறிப் போய்விட்டது.

4

கற்களை மரப்பெட்டியில் அடைத்துக் கப்பலில் அனுப்ப வேண்டும். சென்னையில் ஓர் அலுவலகத்தில், இது தாதுவாக இருக்கலாம், தாது இல்லை என்று சான்றிதழ் கொண்டுவா என்றார்கள். சான்றிதழ் தருகிற அலுவலகத்தில், தாதுவாக இருந்தால்தான் நாங்கள் பார்ப்போம், தாது இல்லாத கல் எங்கள் வேலை இல்லை என்றார்கள். இரண்டு அலுவலகத்துக்கும் நடுவில் பஸ்ஸில் போய்வந்தே என் விடுமுறை தீர்ந்தது. கல்பாக்கத்தில் அணு உலை கட்டிக்கொண்டிருந்த காலம் வேறு. அந்தத் திசையில் இருந்து வெளிநாட்டுக்குக் கல் போகிறது என்றதும் ஒருவர் குரலைத் தாழ்த்தி, “சார், இந்த நம்பர் எல்லாம் இன்னா? கோடு வேர்டா?” என்று கேட்டார்.

மச்சான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். கப்பல் சரக்குக்குக் காகிதம் முடித்துத் தருகிற ஒரு கிளியரிங் ஏஜென்டை அவரே பிடித்துத் தந்தார், பெட்டியை ஒப்படைத்துவிட்டு நான் நார்வேக்குத் திரும்பிவிட்டேன்.

மாதங்கள் போயின. இங்கே துறைமுகத்தில் போய் விசாரித்தபோது என் மொழியறிவு இன்னொரு சோதனைக்கு ஆளாயிற்று. கல்லுக்கு இந்த மொழியில் ‘ஸ்டைன்’ என்று பெயர். “ஸ்டைனைத் தேடுகிறேன், ரொம்ப நாளாக வரவில்லை, மிகவும் கவலையாக இருக்கிறது” என்றேன். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த அம்மாள் முகம் கனிந்து, உள்ளே போய் ஒரு தாடிக்காரரைக் கூட்டிவந்தாள். அவர் பெயர் ஸ்டைன். இந்த நாட்டில் பாதி ஆண்களுக்கு அந்தப் பெயர்தான் போலிருக்கிறது. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, நமக்கு முன்பே அறிமுகம் உண்டா என்று கேட்டார். வீட்டில் இதைச் சொன்னபோது ஷமீம் தரையில் விழுந்து சிரித்தாள். அதற்குப் பிறகு அவள் சிநேகிதிகளுக்கு முன்னால் நான் நார்வே மொழியில் வாயைத் திறந்தாலே, “அத்தா, நீங்க பேசாதீங்க” என்று கெஞ்சுகிறாள். அதையும் நார்வே மொழியிலேயே சொல்கிறாள்.

பெட்டி ஒருவழியாக வந்தது. திறந்தேன். கற்கள் எல்லாம் இருந்தன. ஒன்றில்கூட எண் இல்லை.

ஏஜென்ட் பெருமையோடு எழுதியிருந்தார்: எண் போட்ட கல் என்றால் ஆராய்ச்சிப் பொருள், அதற்கு அனுமதி வேண்டும். எண் இல்லாவிட்டால் வெறும் கல். ஆகவே எல்லாவற்றையும் மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துவிட்டோம், உடனே அனுமதி கிடைத்துவிட்டது.

அவரைத் திட்டவும் மனம் வரவில்லை. எனக்கு உதவி செய்யத்தானே நினைத்தார்! எந்தத் துண்டு பட்டையின் எந்த இடத்தில் இருந்தது என்பதை இனி யாராலும் சொல்ல முடியாது. இருந்தாலும் படங்களையும் என் ஞாபகத்தையும் வைத்துக் கட்டுரை எழுதி ஓர் ஆய்வு இதழுக்கு அனுப்பினேன். படித்துப் பார்த்த நிபுணர் திருப்பி அனுப்பினார். பட்டைக்குள் கருமை ஊறியிருப்பது படத்தில் தெளிவில்லை, அந்த இடத்துக்கு மறுபடி போய்ப் பார்த்து எழுதவும் என்று ஒரு வரி. அந்த இடம் எங்கே இருக்கிறது என்று அவருக்கு நான் எப்படி விளக்குவது?

5

போன வருடம் ஷமீமைக் கூட்டிக்கொண்டு மறுபடி ஊருக்கு வந்தேன். குன்று இருந்த இடத்தில் பெரும்பகுதி பள்ளமாகி, மழைத் தண்ணீர் தேங்கியிருந்தது. நார்வேயில் அவள் பள்ளிக்கூட ஜன்னலைத் திறந்தாலே பனி மூடிய மலை தெரியும். அதைப் பார்த்து வளர்ந்த பெண் அவள். “இதுதான் உங்க மலையா, அத்தா?” என்றாள். மலையின் அடி என்று விளக்கினேன். கவனமாகக் கேட்டுவிட்டு, “அப்ப மலை இல்லைதானே” என்று முடித்துவிட்டாள்.

மச்சானிடம் ஒரே கேள்வி கேட்டேன்: அந்தப் பக்கத்துக் கல் எங்கே போனது? அவர் யோசித்துப் பார்த்து, மாமல்லபுரத்துக்கும் சதுரங்கப்பட்டினத்துக்கும் நடுவில் ஒரு குப்பத்தின் பெயரைச் சொன்னார். கடல் ஊருக்குள் வருகிறது என்று அங்கே கரையோரம் கல் கொட்டியிருக்கிறார்களாம்.

தினமும் பஸ் பிடித்து அங்கே போய், கொட்டிக் கிடந்த பாறைகளின் மேல் ஏறி இறங்கினேன். பாசியும் உப்பும் படிந்து எல்லாம் ஒரே நிறமாக இருந்தது. ஷமீம் இரண்டாவது நாளே வர மாட்டேன் என்று அக்கா வீட்டில் தங்கிவிட்டாள். கடைசியில் ஒரு மத்தியானம், அலை பின்வாங்குகிற சமயம், ஓர் ஆள் உயரப் பாறையின் பக்கவாட்டில் பார்த்தேன். வெள்ளைப் பட்டை. அதன் முனையில், துணியில் மசி பரவினதுபோல், கருமை. இரண்டும் ஒரே பாறையில், பிரியாமல். இடம் மாறினாலும், எது எதை வெட்டுகிறது என்ற வரிசை கல்லுக்குள்ளேயே பத்திரமாக இருந்தது.

சுத்தியலை ஓங்கினேன்.

“யோவ்! இன்னா பண்ற?”

வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒரு பெண்மணி ஓடிவந்தாள். அவள் பெயர் கன்னியம்மா என்று பிறகு தெரிந்தது. பின்னாலேயே நாலைந்து பேர்.

“கடலுக்குப் போட்ட கல்ல ஒடைக்கிறியே, நாயமா அண்ணாத்த? முன்ன ஒருக்கா என் வூடே தண்ணியில போச்சு. எத்தினி ஆபீசு ஏறி எறங்கி இந்தக் கல்லு வாங்கினோம் தெரியுமா?”

ஆராய்ச்சி என்றேன். இது மிகப் பழைய கல் என்றேன். பூமி எப்படி உண்டானது என்று இதில் எழுதியிருக்கிறது என்றுகூடச் சொன்னேன்.

“அதெல்லாம் இருக்கட்டும். நீ ஒடச்சிக்கினு பூடுவ. அந்த எடத்துல வேற கல்லு யாரு போடுவா?”

அக்கா கேட்டதும் இதேதான், வேறு வார்த்தையில். ஒவ்வொருவரும் ஒரு நியாயத்தோடு என் குறுக்கே நிற்கிறார்கள். யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல் சுத்தியலைப் பைக்குள் வைத்துக்கொண்டு திரும்பினேன்.

அன்று சாயங்காலம் மச்சானிடம் நடந்ததைச் சொன்னபோது என் குரல் உடைந்துவிட்டது. வெட்கமாக இருந்தது. அவர் பீடியை அணைத்துவிட்டு எழுந்து போனார்.

காலையில் பார்த்தால் வாசலில் லாரி நின்றது. அதில் மூன்று பெருங்கல், சம்மட்டியோடு இரண்டு ஆட்கள். மச்சான் முன்னால் ஏறி உட்கார்ந்திருந்தார்.

குப்பத்தில் இறங்கியதும் நேராகக் கன்னியம்மாவிடம் போனார். “இந்தாம்மா, இது என் மச்சான். ஒரு மாதிரி ஆளு, ஆனா நல்லவன். உங்க கல்லுல ஒண்ணு எடுத்துக்கினு மூணு போடறோம். எங்க போடணும்னு நீயே காட்டு.”

அவள் மூன்று கல்லையும் சுற்றிப் பார்த்தாள். மறுபடி கட்டியிருந்த தன் வீட்டுக்கு நேர் எதிரே கை காட்டினாள்.

பாறையைப் பிளக்கும்போது நான் சொன்ன இடத்தில்தான் உளி வைத்தார்கள். பட்டையும் கருங்கல்லும் சேர்ந்து ஒரு துண்டு, தனித்தனியாகச் சில துண்டுகள். மச்சான் குனிந்து, புதிதாக உடைந்த முகத்தைக் கையால் தடவினார்.

“இது எப்ப வெந்த கல்லு ரஹீமு?”

“அதத் தெரிஞ்சிக்கத்தான் கொண்டுபோறேன்.”

“தெரிஞ்சா எனக்கும் சொல்லு. இத்தினி வருசமா ஒடச்சிக்கினு கீறேன். இன்னா ஏதுன்னு ஒருத்தன் சொன்னதில்ல.”

இந்தத் தடவை பெட்டியும் வேண்டாம், ஏஜென்டும் வேண்டாம் என்று ரெக்ஸின் பையில் போட்டுக் கையோடு கொண்டுவந்தேன். மீனம்பாக்கத்தில் பையைத் திறந்து பார்த்தவர், “இன்னா சார் இது?” என்றார். நான் என்ன சொன்னாலும் மாட்டிக்கொள்வேன் என்று தோன்றி, டிக்கெட்டைத் தேடுவதுபோல் சட்டைப்பையைத் துழாவினேன். பக்கத்தில் இருந்த ஷமீம் சட்டென்று சொன்னாள்:

“மாமா குடுத்தாரு. மாமா வூட்டுக் கல்லு.”

நான் கற்றுக்கொடுத்த தமிழ் இல்லை அது. அக்கா வீட்டில் அந்தச் சில வாரங்களில் ஒட்டிக்கொண்டது. அதிகாரி அவளைப் பார்த்துச் சிரித்துவிட்டு ஜிப்பை இழுத்து மூடினார். விமானத்தில் அவளிடம் தமிழிலேயே பேச்சுக் கொடுத்தேன். அவள் நார்வே மொழியில் பதில் சொல்லிவிட்டுத் தூங்கிப்போனாள்.

6

கல்லை அறுத்து, பொடியாக்கி, அமிலத்தில் கரைத்து, இயந்திரத்தில் வைத்து அளந்து முடிப்பதற்கு இந்த வருடம் வரை ஆயிற்று. நடுவில் இயந்திரம் பழுதானதையும், என் முறை தள்ளித் தள்ளிப் போனதையும் எழுதினால் உங்களுக்கும் என் எரிச்சல் தொற்றிவிடும். போன வாரம் முடிவு வந்தது.

இன்று காலை அந்த அலுவலகத்தில் இருந்து வெளியே வந்ததும் வீட்டுக்குப் போகப் பிடிக்கவில்லை. ஆய்வுக்கூடத்துக்கும் பிடிக்கவில்லை. தந்தி அலுவலகத்துக்குப் போய், மதுராந்தகத்துக்கு டிரங்க் கால் பதிவு செய்தேன். மச்சான் வீட்டுக்குப் பக்கத்தில் மருந்துக்கடையில் போன் இருக்கிறது. நெடுநேரம் காத்திருந்த பிறகு லைன் கிடைத்தது. ஆள் அனுப்பி அவரைக் கூட்டிவந்தார்கள்.

“ரஹீமா? வூட்ல எல்லாம் நல்லா கீறாங்களா? இன்னா ஆச்சு?”

“ஒண்ணும் இல்ல மச்சான். கல்லோட வயசு வந்துடுச்சு.”

“அட! எவ்ளோ?”

“கருங்கல்லு இருநூத்தம்பது கோடி வருஷம் பக்கத்துல.”

கடையில் இருந்தவர்களிடம் அவர் அதைத் திருப்பிச் சொல்வது காதில் விழுந்தது. பிறகு, “அந்த வெள்ளக் கோடு?” என்றார்.

“அதுவும் கிட்டத்தட்ட அதேதான். கொஞ்சம் கம்மி. ஆனா அந்தக் கம்மிய நம்ப முடியாது. அளக்கறதுல வர்ற தப்பு அதைவிட ஜாஸ்தி.”

“அப்ப ரெண்டும் ஒண்ணாவே வெந்துச்சா?”

“அப்படிச் சொல்ல முடியாது.”

“சரி, தனித்தனியா?”

“அப்படியும் சொல்ல முடியாது மச்சான்.”

“அப்ப இன்னாதான்டா சொல்ல முடியும்?”

வேறு முறையில் அளந்து பார்க்க வேண்டும், அதற்கு இன்னும் நிறையக் கல் வேண்டும், அதுவும் பாறையோடு இருக்கும்போதே பார்த்து எடுக்க வேண்டும் என்று சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அலுப்பாக இருந்தது. இத்தனை வருடத்தின் பலன் இதுதானா என்று அவர் கேட்டுவிடுவாரோ என்று பயமாகவும் இருந்தது. மூன்று நிமிஷம் முடியப் போகிறது என்று நடுவில் ஆபரேட்டரின் குரல் எச்சரித்தது.

“கெழக்கு முனையில இன்னும் கொஞ்சம் நிக்கிது” என்றார் மச்சான். “அதுலயும் வெள்ளையா ஏதோ ஓடுது, நேத்துதான் பாத்தேன். சட்டுனு கெளம்பி வா. உனக்காக நான் ஒடைக்காம இருப்பேன்னு மட்டும் நெனைக்காத.”